கொஞ்சம் இதப் புடிங்கண்ணே

அந்த மேடத்தின் பக்கத்தில் அரை நிமிஷம் சும்மா நின்றால் போதும், உங்கள் கையில் ஏதாவது ஒன்று இருக்கும். எப்படி வந்தது என்று உங்களுக்கே தெரியாது. ஒயர் நுனி, ஸ்பானர், சாக்கு மூட்டையின் வாய், டார்ச் லைட். ஒருமுறை அவர் பாதி குடித்துவிட்டு வைத்திருந்த டீ கிளாஸ். "கொஞ்சம் இதப் புடிங்கண்ணே" என்பார். கொஞ்சம் என்றால் எவ்வளவு நேரம் என்று கேட்டவர்களும் உண்டு. அவர்களுடைய இன்னொரு கையிலும் ஏதோ ஒன்று வந்ததுதான் மிச்சம்.

எனக்குச் சேரப்பணஞ்சேரி. சின்ன யானை என்று சொல்வார்களே, அந்தக் குட்டி லாரி ஒன்று சொந்தமாக ஓட்டுகிறேன். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் சுற்றுவட்டாரத்தில் எந்தக் கம்பெனிக்கு எந்த லோடு என்றாலும் ஏற்றுவேன். அப்படித்தான் ஒருநாள் சுட்ட சுண்ணாம்பு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு அந்தத் தகர ஷெட்டுக்குப் போனேன். ஒரகடத்திலிருந்து வல்லக்கோட்டை போகிற ரோட்டின் மேலேயே இருந்தது. இரண்டு பக்கமும் கார் பார்ட்ஸ் கம்பெனிகள், நடுவில் இது மட்டும் கல்யாண மண்டபத்தின் சமையல்கட்டு மாதிரி புழுங்கிக்கொண்டிருந்தது. மூட்டைகளை இறக்கிவிட்டு, பில்லில் கையெழுத்துக்காக நின்றேன். அதுதான் நான் செய்த தப்பு. கையெழுத்துக்குப் பதிலாக ஒரு ஒயர் நுனி வந்தது.

"அண்ணே, கொஞ்சம் இதப் புடிங்கண்ணே. அசையாதீங்க. சூடு எவ்வளவுன்னு பாத்துட்டு வந்துருதேன்."

முப்பத்தைந்து, நாற்பது வயது இருக்கும். ஒல்லி உடம்பு. சுடிதாரின் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டி, தலையில் ஹெல்மெட், முகத்தில் கண்ணாடி மூடி. பேச்சு கோவில்பட்டிப் பேச்சு. நான் ஒயரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெளியில் என் வண்டி இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. டீசல் போகிறதே என்று வயிறு எரிந்தது. ஆனால் அந்த அம்மாள் ஓடி ஓடி நாலு பேர் வேலையைப் பார்ப்பதைப் பார்த்தபோது ஒயரைக் கீழே போட எனக்கு மனசு வரவில்லை.

ஷெட் நடுவில் ஒரு மின் அடுப்பு. அதற்குள் ஓர் உலோகப் பானை. பானைக்குள் உப்பு. சமையல் உப்பு இல்லை, கால்சியம் குளோரைடு என்று அதற்குப் பெயர். அடுப்பின் சூட்டில் அது உருகித் தண்ணீராகி, ஆரஞ்சு நிறத்தில் ஜொலித்துக்கொண்டிருக்கும். மேலேயிருந்து ஒரு குழாய் உள்ளே இறங்கும். அந்தக் குழாய் வழியாகத்தான் வாயுவை விடுவார்கள்.

"இது எதுக்கு மேடம்?" என்று கேட்டேன். ஒயரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவன் அதையாவது கேட்க வேண்டாமா?

"பொகைக்கூண்டு வழியா போற பொகையில கார்பன் டை ஆக்சைடு இருக்குல்லாண்ணே, ஊரெல்லாம் சூடேத்துதுன்னு சொல்லுதாங்களே. அதப் புடிக்கதுக்கு."

"அத்த எப்டிப் புடிப்பீங்க? கோணிப்பையிலயா?"

"சுண்ணாம்புலண்ணே. சுட்ட சுண்ணாம்புக்கு அந்த வாயுன்னா உசிரு, கண்டா விடாது. ஆனா பொடியா வச்சா மேல ஒரு தோல் கட்டிரும், உள்ள இருக்க சுண்ணாம்பு பட்டினி கெடக்கும். அதனாலதான் உருகுன உப்புல கரைச்சு விட்டுருக்கோம். கட்டுற தோலும் உப்புலயே கரைஞ்சிரும். சுண்ணாம்பு அது பாட்டுக்குத் தின்னுக்கிட்டே இருக்கும். இன்னும் கொஞ்சம் சூட்ட ஏத்துனா தின்னதயெல்லாம் கக்கிரும், நாம சிலிண்டர்ல அடைச்சுக்கலாம். சூட்டக் கொறைச்சா மறுபடி பசிக்கும்."

"எங்க மச்சான் மாரியே கீது மேடம்."

அதற்கு அவர் சிரித்த சிரிப்பில் ஹெல்மெட் கழன்று விழுந்தது. சிரித்தால் அப்படித்தான், இடுப்பு மடிந்து, பக்கத்தில் இருக்கிறவர் தோளில் ஓர் அடி போட்டு, கண்ணில் தண்ணீர் வந்து, அப்புறம்தான் நிற்கும். விழுந்த ஹெல்மெட்டை நான் எடுத்துக் கொடுத்தேன். "நீங்களே கொஞ்சம் வச்சிருங்கண்ணே" என்றார். அன்று சாயங்காலம்தான் பில்லில் கையெழுத்து கிடைத்தது.

அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் என் வண்டி அந்த ஷெட் வாசலிலேயே கிடந்தது. மண்ணூர் குடோனிலிருந்து உப்பு மூட்டை, எங்கிருந்தோ சுண்ணாம்பு, ரிப்பேருக்குப் போன பம்ப், எல்லாம் நான்தான் ஏற்றினேன். ஏற்றியது கொஞ்சம், பிடித்தது அதிகம்.

நான் மட்டும்தான் ஏமாளி என்று நினைத்துவிடாதீர்கள். ஷெட்டின் ஓனர் பெரிய இடம். நிலமெல்லாம் கம்பெனிகளுக்குப் போன பிறகு வாடகையில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் தங்கக் காப்பு. அடுப்பு ராவும் பகலும் எரிகிறது, ஷெட் பற்றிக்கொள்ளும் என்று யாரோ அவர் காதில் ஓதிவிட்டார்கள். புல்லட்டில் வந்து இறங்கினார்.

"இன்னாம்மா பண்ணிக்கினு கீற? என் ஷெட்ட கொளுத்தப் பாக்கறியா? நாளைக்கே காலி பண்ணு."

"பண்ணிருதேன் சார். அதுக்கு முன்னாடி கொஞ்சம் இந்தச் சல்லடையப் புடிங்க சார்."

நான் லோடு ஏற்றப் போய்விட்டுத் திரும்பி வந்து பார்க்கிறேன், ஓனர் சுண்ணாம்பு சலித்துக்கொண்டிருக்கிறார். எது வேட்டி எது சுண்ணாம்பு என்று தெரியவில்லை. காப்பைக் கழற்றி ஜன்னலில் வைத்திருக்கிறார். மூக்குக்குத் துணி கட்டியிருக்கிறார். என்னைப் பார்த்ததும், "இன்னாடா பாக்கற? கட்டி இருந்தா கரையாதாம். நைஸா சலிக்கணுமாம்" என்று எனக்கே பாடம் எடுத்தார். காலி பண்ணுகிற பேச்சை அப்புறம் அவர் எடுக்கவே இல்லை.

அந்த உப்புக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. காற்றில் இருக்கிற ஈரத்தையெல்லாம் இழுத்துக் குடித்துவிடும். மூட்டையின் வாயைத் திறந்து வைத்துவிட்டு மறந்தால் மறுநாள் மூட்டையில் உப்பு இருக்காது, தரையில் குளம் இருக்கும். ஈர உப்பை உருகின பானையில் போட்டால் பட்டாசு மாதிரி தெறிக்கும். ஐப்பசி மழை பிடித்ததும் மேடம் உட்காரவில்லை, தூங்கவில்லை. ஒருநாள் மழை அடித்த அடியில் ஷெட்டின் தகரம் நாலு இடத்தில் ஒழுகியது. உலர வைத்த உப்பு மூட்டைகள் நேர் கீழே இருந்தன. பாலித்தீன் ஷீட் எல்லாம் காற்றில் பறந்துவிட்டது. மேடம் ரோட்டுக்கு ஓடினார். மழைக்கு ஒதுங்கி நின்ற ஆட்களை, குடையோடு, கையைப் பிடித்து இழுத்து வந்தார்.

"கொஞ்சம் இங்கன குடை புடிங்கக்கா. சார், நீங்க அங்கிட்டு. அண்ணாச்சி, உப்புக்குப் புடிங்க, உங்களுக்கில்ல!"

நான் டீ வாங்கிக்கொண்டு உள்ளே நுழைகிறேன். கூரைக்குக் கீழே ஐந்தாறு பேர் வரிசையாக நின்று மூட்டைகளுக்குக் குடை பிடிக்கிறார்கள். தாங்கள் தொப்பலாக நனைகிறார்கள். அதில் ஒருவர் கூரியர்காரர். இன்னொருவர் பக்கத்துக் கம்பெனியின் ஹெச்.ஆர். அவர்களும் சிரிக்கிறார்கள், மேடமும் சிரிக்கிறார், மழை சத்தத்தில் யார் என்ன சொல்கிறார்கள் என்று ஒன்றும் கேட்கவில்லை. நான் டீயைக் கொடுத்தேன். குடிக்க யாருக்கும் கை இல்லை. ஒவ்வொருத்தர் வாயிலும் நானே ஊற்றினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமான டீ நான் யாருக்கும் வாங்கிக் கொடுத்ததில்லை.

கோபமே வந்ததில்லையா என்று கேட்டால், வந்தது. நான் கோபக்காரன்தான், ஊரில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். ஒருநாள் சோறு தின்னாமல் குழாய் ஒன்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். தோள்பட்டை விட்டுப் போயிற்று. "இன்னா மேடம் நென்ச்சுகினு கீறீங்க? நான் இன்னா உங்க வூட்டு வேலக்காரனா? வண்டிக்கு டியூ கட்ட வாணாம்? பொண்டாட்டி புள்ளிங்க இல்ல எனக்கு?" என்று கத்தினேன்.

மேடம் போல்ட்டை முறுக்கிக்கொண்டே சொன்னார்: "நியாயம்ணே. நல்லாத் திட்டுங்க. அத மட்டும் விட்டுராதீங்க."

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னேன். என் மனைவிக்கு என்னைவிடக் கோபம். "நாளைக்கு நான் போய் அந்தம்மாவ நாலு வார்த்த கேக்கறேன். நீ கம்முனு வூட்ல இரு" என்றவள் மறுநாள் கிளம்பிப் போனாள். காலையில் போனவள் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வந்தாள், தலையெல்லாம் சுண்ணாம்பு. "பாவம்யா அது. ஒண்டியா கஷ்டப்படுது. நாளைக்கு சீக்கிரம் போ" என்றாள். சமையலும் அன்று நான்தான்.

அவர் அப்பாவைப் பற்றி ஒரே ஒருமுறைதான் பேசினார். அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எங்கப்பா கோவில்பட்டிப் பக்கம் சுண்ணாம்புக் காளவாசல் வச்சிருந்தாருண்ணே. சுண்ணாம்புக் கல்ல எரிச்சா கல்லுக்குள்ள இருக்க வாயு பூராவும் வானத்துக்குப் போயிரும், மிச்சந்தான் சுண்ணாம்பு. ஆயுசு பூரா அவரு விட்டத, மக ஒரு பானைய வச்சுப் புடிச்சுக்கிட்டு இருக்கேன். கேட்டா சிரிப்பாரு." அப்பா இருக்கிறாரா என்று நான் கேட்கவில்லை. எனக்கு அதற்குள் கை நிறைய வேலை வந்துவிட்டது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்த ஆடி மாதம் வந்தது. ஒரு காலை, நான் வண்டியை நிறுத்துகிறேன், மேடம் வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறார். கையில் ஒன்றும் இல்லை. என் கையிலும் ஒன்றும் தரவில்லை.

"என்ன மேடம்?"

"இந்த ஷெட்டுக்குச் செலவு பண்ற பெங்களூர்க்காரரு வாராருண்ணே. கடைசியா ஒரு தடவ பாக்காராம். வாயு ஒரு பக்கம் போயி மறுபக்கம் வராம இருக்கத அவரு கண்ணால பாக்கணுமாம். புடிச்சிருந்தா தொடருவாரு. இல்லன்னா அன்னைக்கே அடுப்ப அணைக்கச் சொல்லிருவாரு. அணைச்சா உப்பு பானையோட இறுகிரும். அம்புட்டுத்தான். நான் ஊருக்குப் போயி எங்கனயாவது காலேஜ்ல பாடம் எடுக்க வேண்டியதுதான்."

"அதெல்லாம் ஓடும் மேடம்."

"ஓடும்ணே. தெனமும் ஓடுதே. அன்னைக்கு ஓடணும்."

தேதியை ஓனர் குறித்தார். ஆடியில் நல்ல காரியமா என்று முதலில் குதித்தார். அப்புறம் காலண்டரைப் புரட்டி, கண்ணை மூடி, "ஆடிக் கிருத்திக! முருகன் நாளு. ஆடின்னாலும் தோசம் கெடையாது. அன்னிக்கே வரச் சொல்லும்மா" என்றார். எங்கள் எல்லோருக்கும் அது பெரிய நிம்மதியாக இருந்தது. மேடமும் போன் போட்டுத் தேதியை மாற்றி வாங்கினார். ஆடிக் கிருத்திகை அன்று வல்லக்கோட்டை ரோட்டில் சைக்கிள்கூடப் போகாது என்று இந்தப் பக்கத்தில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். நல்ல நாள் கிடைத்த சந்தோஷத்தில் எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

கிருத்திகையும் வந்தது. உப்பு உருகித் தயாராக இருந்தது. சுண்ணாம்பு கரைந்துவிட்டது. சோதனைக்கு விடுகிற வாயு சிலிண்டர் மட்டும் முந்தின நாளே தீர்ந்திருந்தது. புதுசு காலையில் ஸ்ரீபெரும்புதூர் வழியாக லாரியில் வர வேண்டும். ரோட்டில் காவடிகள் போக ஆரம்பித்தன. பால்குடம், மயில் இறகு, மேளம். படப்பைப் பக்கத்துக் கூட்டமெல்லாம் எங்கள் ஷெட்டைத் தாண்டித்தான் கோயிலுக்கு நடக்கிறது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. லாரி டிரைவருக்குப் போன் போட்டேன்.

"எங்கப்பா கீற?"

"கோயிலுக்கு அந்தாண்ட மாட்டிக்கினேன்ணா. முன்னாடி பூரா ஜனம். போலீசு கயிறு கட்டிட்டான். சாயங்காலம்தான் வுடுவானாம்."

பைக்கில் தூக்கி வரலாம் என்றால் ஒரு சிலிண்டர் ஓர் ஆள் கனத்துக்கு மேல் இருக்கும், பைக்கும் அந்தக் கயிற்றைத் தாண்டாது. சோடா கடையில் இதே வாயு இருக்குமே என்று ஓனர் புல்லட்டை எடுத்துக்கொண்டு பறந்தார். போன வேகத்தில் திரும்பி வந்தார். "கடைய சாத்திட்டு அவன் காவடி எடுத்துக்கினு கீறாண்டா" என்றார். ஜெனரேட்டர் புகையை விடலாமே என்றேன். கரி அடைத்து, வாயுவை அளக்கிற மீட்டர் செத்துப்போகும் என்றார் மேடம். அந்த நேரம் பார்த்து பெங்களூர்க்காரரிடமிருந்து போன். படப்பை தாண்டிவிட்டாராம். மதியம் பிளைட்டைப் பிடிக்க வேண்டுமாம், சீக்கிரம் காட்டிவிடுங்கள் என்றாராம்.

மேடம் வாசலில் நின்று ரோட்டையே பார்த்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது, பொய் சொல்லவில்லை. அந்த நேரத்தில் பலூன்காரர் ஒருவர் மொபெட்டில் பெரிய கொத்தைக் கட்டிக்கொண்டு கூட்டத்தோடு ஊர்ந்து வந்தார்.

"அண்ணே" என்றார் மேடம். குரலே மாறியிருந்தது. "மனுசன் மூச்சுல என்ன வாயுண்ணே வருது?"

சொல்லிக்கொண்டே ரோட்டில் இறங்கி ஓடினார். பலூன்காரரின் வண்டிச் சாவியைப் பிடுங்கினார்.

"இந்தப் பலூனெல்லாம் எதால ஊதுனது?"

"பம்புதாம்மா. நல்லா ஸ்ட்ராங்கா இருக்கும்."

"பம்பு வேணாம். வாயால ஊதுனது வேணும். ஊதாதது எத்தன வச்சிருக்கீங்க? எல்லாத்தையும் குடுங்க."

"வாயாலயா? கன்னம் பிச்சுக்குமே மேடம்!" என்றார் அவர். பேசி முடிப்பதற்குள் அவர் வாயில் ஒரு பலூன் இருந்தது.

அப்புறம் நடந்ததை நான் எப்படிச் சொல்வேன்! மேடம் கூட்டத்துக்குள் புகுந்தார். "கொஞ்சம் இதப் புடிங்கக்கா, ஊதுங்கக்கா. நல்லா இழுத்து, கொஞ்சம் அடக்கி வச்சு, அப்புறம் ஊதணும். அப்பத்தான் சரக்கு நிறைய வரும்." கம்பெனி யூனிபார்மோடு காவடி பார்க்க வந்த பையன்கள், பால்குடம் சுமந்த அம்மாக்கள், மேளக்காரர், எல்லார் கையிலும் பலூன். நாதஸ்வரக்காரர் ஒருவர் ஊதிய பலூன் ஒரே மூச்சில் பூசணிக்காய் அளவு வந்தது. கன்னத்தில் அலகு குத்திய ஒருவரிடமும் மேடம் கவனிக்காமல் நீட்டிவிட்டார். அவர் பாவம், அலகைக் கண்ணால் காட்டிவிட்டு, பக்கத்தில் இருந்த தன் தம்பியைக் கைகாட்டினார்.

"இன்னாத்துக்குப்பா பலூனு? வேண்டுதலா?" என்று மஞ்சள் புடவை கட்டிய ஓர் அம்மாள் என்னைக் கேட்டார்.

எனக்கு வேறு ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை. "ஆமாம்மா. எங்க மேடம் அடுப்பு அணையக் கூடாதுன்னு."

"ஐயோ, பொம்பள வூட்டு அடுப்பா! குடு இங்க" என்று வாங்கி, பால்குடத்தை என் தலைக்கு மாற்றிவிட்டு ஊதினார். அது காட்டுத்தீயாகப் பரவியது. யாரோ ஒரு பொண்ணுக்கு அடுப்பு அணையக் கூடாதாம், ஆளுக்கு ஒரு மூச்சு கொடுக்க வேண்டுமாம். வரிசை நின்றுவிட்டது. ஒவ்வொரு பலூனையும் முடிச்சுப் போடும்போது கூட்டம் "அரோகரா" என்று கத்தியது. ஓனர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பலூன்களை ஷெட்டுக்குள் எறிந்தார். உள்ளே முழங்கால் உயரத்துக்குப் பலூன்.

அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டுதான் பெங்களூர்க்காரரின் கார் வந்து நின்றது. நரைத்த மனிதர். சிரிப்பு அந்த முகத்தில் குடியிருந்த அடையாளமே இல்லை. தமிழ்க்காரர்தான்.

"என்ன இது, பர்த்டே பார்ட்டியா?"

"இதுதான் சார் சோதனை வாயு" என்றார் மேடம். "கொஞ்சம் இதப் புடிங்க சார்."

இதோ, அவர் கையிலும் வந்துவிட்டது. முடிச்சு அவிழ்த்த ஒரு சிவப்புப் பலூன். அதன் வாயைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, கோட்டு போட்ட மனிதர், என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார். மேடம் அதன் வாயைப் பம்பின் குழாயில் மாட்டினார். மூச்சு முதலில் உலர்ந்த உப்பு அடைத்த டப்பா வழியாகப் போய் ஈரத்தை இறக்கி வைத்தது. அப்புறம் பானைக்குள் இறங்கியது. பானைக்கு முன்னால் ஒரு மீட்டர், பின்னால் ஒரு மீட்டர். முன்னால் இருந்தது நாலு சதவீதம் என்று காட்டியது. பின்னால் இருந்தது கொஞ்சம் துடித்துவிட்டு, இறங்கி, இறங்கி, பூஜ்யத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது.

அடுத்த பலூன். அதற்கடுத்தது. முன்னால் நாலு, பின்னால் ஒன்றுமில்லை.

"பின்னாடி மீட்டர் கெட்டுப்போயிருக்கும்" என்றார் அவர்.

மேடம் ஒரு புதுப் பலூனை அவர் கையில் வைத்தார். அவர் சுற்றிலும் பார்த்தார். வாசலை அடைத்துக்கொண்டு காவடிக் கூட்டம் எட்டிப் பார்க்கிறது. "ஊது சாமி!" என்று எவனோ குரல் கொடுத்தான். பெரிய மனிதர் கண்ணாடியைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு ஊதினார். முகம் சிவந்து போயிற்று. அந்தப் பலூனைப் பானையைத் தொடவிடாமல் நேராகப் பின்னால் இருந்த மீட்டரில் மாட்டினார் மேடம். நாலு என்று ஏறியது. மீட்டர் உயிரோடுதான் இருந்தது. மிச்ச மூச்சைப் பானை வழியாக விட்டார். பின்னால் மீட்டர் கீழே இறங்கிப் படுத்துவிட்டது.

"என் மூச்சு எங்க போச்சு?" என்று அவர் குழந்தை மாதிரி கேட்டார்.

"உள்ளதான் சார் இருக்கு. சுண்ணாம்போட சேந்து, சுண்ணாம்புக் கல்லு எதால ஆனதோ அதுவா ஆயிருக்கு."

அவர் பானையையே பார்த்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "கேஸ்ல ஓடுற மின் நிலையத்துப் புகையிலயும் இந்த வாயு ஏறக்குறைய நாலு சதவீதம்தான், ரொம்ப மெல்லிசு. மெல்லிசைப் பிடிக்க முடியுமான்னு கேட்கத்தான் வந்தேன். சிலிண்டர்ல கெட்டியா விட்டுக் காட்டியிருந்தீங்கன்னா, பார்த்துட்டு, அணைச்சுடுங்கன்னு சொல்லிட்டுப் போயிருப்பேன்."

"அப்ப இப்ப?" என்றார் ஓனர். 

"சூடேத்தினா திரும்ப வெளியில விடும்ல? அதையும் பார்க்கணும். இன்னைக்கு நேரம் இல்ல." பக்கத்தில் நின்ற தன் ஆளிடம் திரும்பினார். "பிளைட்டை நாளைக்கு மாத்து. அடுப்பை அணைக்க வேண்டாம். நாளைக்கு மட்டும் இல்ல, எப்பவும்."

ஓனர் என்னைக் கட்டிக்கொண்டார். தங்கக் காப்பு என் முதுகில் பதிந்தது. பலூன்காரர் எதற்கென்று தெரியாமலே குதித்தார். மஞ்சள் புடவை அம்மாள் உள்ளே வந்து, அணையாத அடுப்புக்கு ஒரு கற்பூரம் காட்டுவோம் என்று ஏற்றியேவிட்டார். "ஐயோ வேணாம்மா, எரிஞ்சா அதுவும் அந்த வாயுவத்தான் விடும்!" என்று மேடம் பதறிப்போய் வாயால் ஊதி அணைத்தார். சாமிக்கு ஏற்றியதை வாயால் ஊதுவதா என்று அந்த அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மேடமும் போட்டுக்கொண்டு, "முருகா, மன்னிச்சுரு, ஒரு நாளைக்கு" என்றார். அப்புறம் அந்தச் சிரிப்பு வந்தது, இடுப்பு மடிந்து, தோளில் அடி போட்டு. இந்தத் தடவை அந்த அடி பெங்களூர்க்காரர் தோளில் விழுந்தது.

சிரித்து முடித்து அவர் நிமிர்ந்தபோது வாசல் காலியாக இருந்தது. மேளம் நகர்ந்துவிட்டது. அந்த அம்மாளும் பால்குடத்தை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். மேடம் ரோட்டுக்கு ஓடினார், நானும் பின்னால் ஓடினேன். கூப்பிட்டு நன்றி சொல்லலாம் என்றால் ஒருத்தர் பேரும் தெரியாது. எந்த ஊர் என்றும் தெரியாது. கோயிலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்த முதுகுகள்தான் தெரிந்தன. அந்த அடுப்பு அணையாமல் இருக்க மூச்சைக் கொடுத்துவிட்டு, அதைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்காமல் போகிற முதுகுகள்.

மேடம் நடு ரோட்டில் நின்றார். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் குவித்தார். சாமி பார்க்கப் போகிறவர்களின் முதுகைப் பார்த்து ஒருத்தர் கும்பிட்டதை நான் அன்றுதான் பார்த்தேன். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. நானும் அவர் பக்கத்தில் நின்று கும்பிட்டேன்.